தகட்டுச் சுவரில் ஒரு துவாரம்

வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட் அழுத்தத்திற்கு அஞ்சி, ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்று குழந்தைகளை ஓயாமல் எச்சரிக்கும் நாம், மோட்டார் வாகனத்தின் பேட்டரியிடம் அத்தகைய அச்சம் எதையும் காட்டுவதில்லை. அதன் இரு முனைகளையும் இரு கைகளாலும் பற்றினாலும் உடம்பில் ஒரு சிலிர்ப்புக்கூட எழுவதில்லை என்பதை அனுபவத்தில் கண்டவர்கள், 12 வோல்ட் என்பது தீங்கற்ற சக்தி என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுகிறார்கள். மனித தேகத்தைப் பொறுத்த அளவில் அம்முடிவு சரியே. உலர்ந்த தோல் மின்சாரத்திற்குக் காட்டும் தடை பல்லாயிரம் ஓம் ஆதலால், 12 வோல்ட் அழுத்தத்தினால் அதனூடே ஒரு மில்லி ஆம்பியர் அளவுக்கோ அதற்கும் குறைவாகவோதான் பிரவாகத்தைச் செலுத்த முடியும். ஆனால் அதே முனைகளுக்குக் குறுக்கே ஓர் இரும்பு ஸ்பேனர் தவறி விழுந்தால், பொறி பறந்து, ஸ்பேனரின் விளிம்பு உருகி முனையோடு பற்றிக்கொள்வதைக் காணலாம். நல்ல நிலையிலுள்ள கார் பேட்டரியின் உள் தடை ஓர் ஓமின் ஆயிரத்தில் சில பங்கே ஆகும். எதிரே தடையற்ற ஓர் உலோகப் பாதை வாய்த்துவிட்டால் அது ஆயிரம் ஆம்பியரையும் வாரி வழங்கிவிடும்.

இந்தப் பேட்டரியிலிருந்து ஒரு கனத்த ஒயரை எடுத்து, என்ஜின் அறையின் பின்புறச் சுவரைத் துளைத்து, பிரயாணிகள் அமரும் அறையைக் கடந்து, டிக்கியில் வைத்த ஆம்ப்ளிஃபையர்வரை கொண்டுசெல்லும் காரியம் இன்று மிகச் சாதாரணமாகிவிட்டது. சென்னையில் அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைக்குச் செல்லும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில், ஜி.பி. ரோடு என்று எல்லோரும் வழங்கும் அந்தக் கடைவீதியில், நடைபாதை ஓரமாகக் கதவுகளைத் திறந்து போட்டு, டேஷ்போர்டின் கீழே தலையைக் கொடுத்துப் படுத்திருக்கும் இளைஞர்கள் பெரும்பாலும் செய்துகொண்டிருப்பது இத்தகைய வேலைகளைத்தான். எளிதென்று தோன்றும் அந்த வேலையில் பௌதிக சாஸ்திரத்தின் ஆதார விதிகள் சில எத்துணை நெருக்கமாகக் கூடி நிற்கின்றன என்பதை இவ்வத்தியாயத்தில் பார்ப்போம்.

முதலில், ஆம்ப்ளிஃபையருக்கு இவ்வளவு தடித்த ஒயர் எதற்கு? டேஷ்போர்டிலுள்ள ஸ்டீரியோ ஒரு மெல்லிய ஒயரோடு திருப்தியடைகிறதே என்று கேட்கலாம். அந்த ஸ்டீரியோவுக்குக் கிடைக்கும் அழுத்தம், என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் தரும் 14.4 வோல்ட்டே. அதற்கு மேல் ஸ்பீக்கருக்குக் கொடுக்க அதனிடம் ஒன்றும் இல்லை. 14.4 வோல்ட் உச்சமுள்ள அலை ஒன்று 4 ஓம் ஸ்பீக்கரில் உண்டாக்கக்கூடிய சக்தி, கணக்கின்படி, சுமார் 26 வாட். நடைமுறை விரயங்களைக் கழித்தால் இருபது வாட்டுக்கும் கீழே வந்துவிடும். பெட்டியின் மேல் எத்தனை நூறு வாட் என்று அச்சடித்திருந்தாலும் இந்த எல்லையை அவ்வகை ஸ்டீரியோ தாண்டுவதற்கில்லை. தனி ஆம்ப்ளிஃபையரோ, தனக்குள் அமைந்த வேகமான டிரான்சிஸ்டர் சுவிட்சுகளாலும் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மராலும் இந்த அழுத்தத்தை உயர்த்திக்கொண்டு, அதன் பிறகே ஒலியைப் பெருக்குகிறது. அழுத்தத்தை உள்ளே உயர்த்தியதற்கான விலையை வெளியே ஆம்பியர் கணக்கில் செலுத்தியாக வேண்டும். 500 வாட் ஒலியை வெளியிடும் ஓர் ஆம்ப்ளிஃபையர், பழைய ஏ-பி வகையைச் சேர்ந்ததாய், நூற்றுக்கு அறுபது திறனுடையதாய் இருக்குமானால், அது உட்கொள்ளும் சக்தி சுமார் 830 வாட், 13.8 வோல்ட்டில் அது 60 ஆம்பியருக்குச் சமம். இப்போது பரவியிருக்கும் டி வகை இதனினும் சிக்கனமானது. சங்கீதம் எப்போதும் உச்சத்திலேயே நிற்பதில்லையாதலால் சராசரிப் பிரவாகம் இதைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதும் உண்மைதான். ஆயினும் மிருதங்கத்தின் தொப்பியில் விழும் ஓர் அடியோ, திரையிசையின் கனத்த தாளமோ ஒலிக்கும் அந்தக் கணத்தில் அவ்வளவு ஆம்பியரும் தேவைப்படுவதால், ஒயரை உச்சத்துக்கே அளந்து போட வேண்டியிருக்கிறது.

ஒயரின் நீளமும் பருமனும் பிரவாகத்தை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை முறையோடு ஆராய்ந்து விதியாக்கியவர் ஜார்ஜ் ஓம். கொலோன் நகரத்துப் பள்ளியொன்றில் ஆசிரியராய் இருந்த அவர், ஒரே பருமனும் வெவ்வேறு நீளமும் கொண்ட செப்புக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துப் பிரவாகத்தை அளந்தார். அக்காலத்து மின்கலங்கள் நிலையான அழுத்தம் தராமல் தொல்லை கொடுக்கவே, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்த இரட்டை உலோக இணைப்பொன்றை மின்சாரத்துக்கு ஆதாரமாகக் கொண்டார். அவர் கண்ட விதி 1827-இல் நூலாக வெளிவந்தபோது தாய்நாட்டில் அதை மதித்தவர் மிகச் சிலர். லண்டன் ராயல் சொசைட்டி 1841-இல் காப்ளி பதக்கம் அளித்தபோதுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. அதே காலத்தில் மான்செஸ்டர் அருகே, பீர் ஆலை நடத்திய குடும்பத்தில் பிறந்த, இருபத்திரண்டு வயதுகூட நிரம்பாத ஜேம்ஸ் ஜூல் என்ற இளைஞர், நீரில் அமிழ்த்திய கம்பிச் சுருளில் மின்சாரத்தைச் செலுத்தி, நீரின் உஷ்ணம் ஏறுவதை வெப்பமானியில் அளந்துகொண்டிருந்தார். கம்பியில் உண்டாகும் உஷ்ணம் பிரவாகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது என்பது அவர் கண்ட முடிவு. பிரவாகம் இரு மடங்கானால் உஷ்ணம் நான்கு மடங்காகும்.

இவ்விரு பெரியோர்களின் விதிகளையும் நம் காருக்குப் பிரயோகித்துப் பார்ப்போம். பேட்டரியிலிருந்து டிக்கிவரை ஐந்து மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கடைக்காரர்கள் நாலு ஸ்கொயர் எம்.எம். என்று சொல்லும் 4 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரை, வீட்டில் ஏ.சி. இயந்திரத்துக்குப் போடும் அதே ஒயரை, இதற்கும் போட்டால், 60 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 1.3 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். 77 வாட் உஷ்ணம் கார்ப்பெட்டுக்கு அடியில் உண்டாகும். 16 சதுர மில்லிமீட்டர் ஒயரானால் இழப்பு 0.32 வோல்ட், உஷ்ணம் 19 வாட். வீட்டில் 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் குறைவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. காரிலோ இருப்பதே சுமார் பதினான்கு வோல்ட் என்பதால், ஒரு வோல்ட் போவது பதினான்கில் ஒரு பங்கு நஷ்டம். பெருத்த தாளம் விழும் தருணத்தில் ஒலி தளர்ந்து கரகரப்பதற்கும், அதே கணத்தில் முகப்பு விளக்கு மங்கிச் சிமிட்டுவதற்கும் காரணம் பெரும்பாலும் மெலிந்த ஒயரோ, தளர்ந்த இணைப்போ, தன் எல்லையை மீறி வேலை வாங்கப்படும் ஆல்டர்னேட்டரோதான்.

இங்கே வாங்குவோரை ஏமாற்றும் ஒரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மலிவான ஒயர்ப் பெட்டிகள் பலவற்றில் இருப்பது முழுச் செம்பு அன்று. அலுமினியக் கம்பியின் மேல் செம்பை மெல்லிய போர்வையாகப் போர்த்திய கலப்பு. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் திறன் செம்பில் ஐந்தில் மூன்று பங்கே. ஆகவே அத்தகைய ஒயரைப் போடுவதானால் பருமனை ஒன்றரை மடங்குக்கும் மேலாகக் கூட்டிப் போட வேண்டும். நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். கையில் தூக்கினால் பருமனுக்குப் பொருந்தாத லேசான கனம் தெரியும். செம்பின் விலையை வாங்கிக்கொண்டு அலுமினியத்தைக் கொடுப்பது வியாபார தர்மம் ஆகாது.

இனி அந்தச் சுவருக்கு வருவோம். ஃபயர்வால் என்று மெக்கானிக்குகள் சொல்லும் அது, என்ஜின் அறைக்கும் நாம் அமரும் அறைக்கும் நடுவே நிற்கும் எஃகுத் தகடு. ஒரு மில்லிமீட்டர் அளவுக்கே கனமுள்ளது. இருபுறமும் ஒலியையும் உஷ்ணத்தையும் தடுக்கும் மெத்தைகளைப் போர்த்திக்கொண்டிருப்பது. என்ஜினில் தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் இறங்கி ஓடுவதற்குச் சில கணங்களைச் சம்பாதித்துக் கொடுப்பதும், பெட்ரோல் ஆவியும் புகையும் உள்ளே வராமல் தடுப்பதும், இரைச்சலைக் குறைப்பதும் அதன் கடமைகள். எனினும் அது முற்றும் மூடிய சுவராக இருக்க முடிவதில்லை. ஸ்டீயரிங் தண்டும், பிரேக் மிதியின் தள்ளுகோலும், கிளட்ச் கேபிளும், ஏ.சி.யின் குழாய்களும், என்ஜினின் நாடி நரம்புகளான ஒயர்க் கற்றையும் அதைத் துளைத்துக்கொண்டே உள்ளே வருகின்றன. காரைச் செய்தவர்கள் இத்துவாரங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் அடைப்பை அமைத்திருக்கிறார்கள். வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள தேசங்களுக்கும் இடப்பக்க ஸ்டீயரிங் உள்ள தேசங்களுக்கும் ஒரே அச்சில் தகட்டை அழுத்தி எடுத்து அனுப்பும் கார்களில், பயன்படாத பக்கத்துத் துவாரம் ரப்பர் மூடியால் மூடப்பட்டிருப்பதும் உண்டு. அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுமையுள்ள மெக்கானிக், டிரில்லை வெளியே எடுக்காமலேயே வேலையை முடித்துவிடுவார்.

பொறுமையில்லாத இடத்தில் நடப்பது வேறு. தகட்டில் ஒரு துளை போட்டு, விறைப்பான கம்பியின் நுனியில் ஒயரைக் கட்டி, மறுபக்கம் இழுத்துவிட்டு, அத்தோடு வேலை தீர்ந்தது என்று விட்டுவிடுகிறார்கள். துளைத்த தகட்டின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தால், டிரில் வெளியேறிய பக்கத்தில் ரம்பப் பல் போன்ற பிசிறுகள் நிற்பது புலனாகும். அந்த விளிம்பின் மேல் பி.வி.சி. உறையிட்ட ஒயர் சாய்ந்து கிடக்கிறது. நாலு சிலிண்டர் என்ஜின் நிமிஷத்துக்கு 800 சுற்று வீதம் சும்மா ஓடும்போதே விநாடிக்கு இருபத்தேழு தடவை அதிர்கிறது. அதாவது மணிக்கு ஏறத்தாழ 96,000 அதிர்வுகள். என்ஜின் அறையின் உஷ்ணத்தில் உறையோ இளகி நிற்கிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்றால், எஃகு ஊரப் பிளாஸ்டிக் தேய்வதைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? முதலில் உறையில் ஒரு வெண்கோடு விழுகிறது. பிறகு அது பள்ளமாகிறது. பின்னர் ஒரு நாள், அந்தப் பள்ளத்தின் அடியில் செம்பு மின்னுகிறது.

காரின் உடம்பு முழுவதும் பேட்டரியின் நெகட்டிவ் முனையோடு இணைந்தது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். திரும்பிச் செல்லும் பாதைக்குத் தனி ஒயர் போடாமல் உடம்புத் தகட்டையே பயன்படுத்துவது மோட்டார்த் தொழிலின் பழைய சிக்கனம். ஆகவே செம்பு அந்த விளிம்பைத் தொட்ட கணத்தில், பேட்டரியின் இரு முனைகளும் நேருக்கு நேர் சந்தித்துவிடுகின்றன. 16 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரில் ஆயிரம் ஆம்பியர் ஓடினால், அதன் உஷ்ணம் விநாடிக்குச் சுமார் 20 டிகிரி செல்சியஸ் வீதம் ஏறுகிறது. பத்து விநாடியில் அது இருநூறு டிகிரியைத் தாண்டும், பி.வி.சி. உறை சிதைந்து, மூச்சை முட்டும் ஹைட்ரஜன் குளோரைடு புகையைக் கக்கும். பேட்டரியிலிருந்து அந்த விளிம்புவரை ஒயர் சென்ற வழியெங்கும் ஒரே சமயத்தில் தீப்பற்றுவதற்கான சூழ்நிலை உருவாகும்.

ஆம்ப்ளிஃபையரில்தான் ஃபியூஸ் இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் கொள்வதுண்டு. இந்த ஆறுதலை விடப் பெரிய அபாயம் வேறில்லை. பேட்டரியிலிருந்து புறப்பட்ட பிரவாகம் தகட்டின் விளிம்பிலேயே உடம்புக்குத் தாவி, அதன் வழியே பேட்டரிக்குத் திரும்பிவிடுகிறது. டிக்கியிலுள்ள ஃபியூஸ்வரை அது செல்வதே இல்லை. ஃபியூஸ் என்பது தனக்கு அப்பால் உள்ள ஒயருக்கு மட்டுமே காவல். தனக்கு முன்னால், பேட்டரிப் பக்கம், என்ன நேர்ந்தாலும் அதனால் ஆவது ஒன்றுமில்லை. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து 18 அங்குலத்துக்குள், அதாவது 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும், ஒயர் தகட்டுச் சுவரைச் சேர்வதற்கு முன்பே இருக்க வேண்டும் என்று தேர்ந்த நிபுணர்கள் விதித்திருப்பது இதனால்தான். முனைக்கும் ஃபியூஸுக்கும் இடையிலுள்ள அந்தச் சிறு துண்டு காவலற்றது. ஆகையால் அது எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நல்லது. ஸ்டார்ட்டர் மோட்டாரின் கேபிளுக்கு ஃபியூஸ் இல்லையே என்று விவரமறிந்த வாசகர் கேட்கக்கூடும். அந்தக் கேபிள் பெரும்பாலும் என்ஜின் அறையை விட்டு வெளியே வருவதில்லை. குறுகிய தூரத்தில் உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. பேட்டரியை டிக்கியில் வைத்திருக்கும் பி.எம்.டபிள்யூ கார்கள் சிலவற்றில், நீண்ட கேபிள் உள்ளறையைக் கடக்க நேர்வதால், விபத்து நிகழ்ந்த கணத்தில் சிறிதளவு வெடிமருந்தின் வேகத்தால் அந்தக் கேபிளின் பேட்டரி இணைப்பையே துண்டித்துவிடும் சாதனம் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். தொழிற்சாலையில் இருப்பவர்கள் இத்தகைய நீண்ட ஒயருக்கு எவ்வளவு அஞ்சுகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஃபியூஸின் அளவை நிர்ணயிப்பது ஒயரின் பருமனே. ஒயர் தாங்கக்கூடிய ஆம்பியருக்கு மேல் ஃபியூஸ் இருக்கலாகாது. நம் உதாரணத்தில் 16 சதுர மில்லிமீட்டர் முழுச் செம்புக்கு 80 ஆம்பியர் ஃபியூஸ் பொருத்தமானது. அதில் 85 ஆம்பியர் ஓடினால் உடனே உருகிவிடாது. ஆயிரம் ஓடினால் விநாடியின் ஒரு சிறு பகுதியில் அற்றுவிடும். அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று சொல்லி இரு மடங்கு பெரியதை மாட்டுபவர், காவலனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைக்கிறார்.

சரியான ஃபியூஸைச் சரியான இடத்தில் வைத்துவிட்டால் துவாரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று எண்ணிவிடவும் கூடாது. தேய்ந்த செம்பு தகட்டை முழுமையாகத் தொடாமல், அதிர்வுக்கு அதிர்வு விட்டுவிட்டுத் தொடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்டும் அழுக்கும் கரியும் குறுக்கே நிற்கும் அந்தத் தொடுமுனையின் தடை ஓர் ஓமில் ஐந்தில் ஒரு பங்கு என்றால், ஓடும் பிரவாகம் 60 ஆம்பியர்தான். 80 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது வழக்கமான வேலை. அது அசையாமல் இருக்கும். அந்தத் தொடுமுனையிலோ, ஒரு கடுகளவு இடத்தில், 720 வாட் உஷ்ணம் குவிந்துகொண்டிருக்கும். இவ்வகைக் கோளாறை ஃபியூஸினால் அறியவே முடியாது. செம்பையும் எஃகையும் சந்திக்கவிடாமல் பிரித்து வைப்பதொன்றே இதற்குப் பரிகாரம். அந்தக் காரியத்தைச் செய்வது சில ரூபாய் விலையுள்ள ரப்பர் கிராமெட்.

கிராமெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் அமைப்பில் உள்ள நுட்பம் விளங்கும். இருபுறமும் அகன்ற உதடுகள். நடுவே சுற்றிலும் ஒரு பள்ளம். தகட்டின் விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் அமர்ந்துகொள்ள, இரு உதடுகளும் தகட்டை இருபக்கமும் கவ்விக்கொள்கின்றன. ஆகையால் துவாரத்தைப் பள்ளத்தின் விட்டத்துக்குப் போட வேண்டுமேயன்றி, ஒயரின் பருமனுக்குப் போடலாகாது. பிசிறை அரத்தால் ராவி, வெட்டுண்ட எஃகுக்குத் துரு ஏறாதபடி பிரைமர் பூசி, அது காய்ந்த பிறகே கிராமெட்டை ஏற்ற வேண்டும். ஒயருக்கு மேல் வரிவரியாக மடிப்பு விழுந்த பிளாஸ்டிக் குழாயையும் போர்த்தினால் பாதுகாப்பு இரட்டிக்கும். ஒயர் சுவரை அடையுமுன் சற்றுத் தாழ்ந்து, பிறகு மேலேறி நுழையுமாறு வளைத்துவிட்டால், மழை நீர் அதன் வழியே உள்ளே வழியாமல் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும். சுவரின் இருபுறமும் ஒயரைக் கிளிப் போட்டு இறுக்கிவிட்டால், அதிர்வு கிராமெட்டை வந்து தாக்காது.

டிரில்லை வைக்குமுன் மறுபக்கம் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். பிரேக் குழாயோ, ஒயர்க் கற்றையோ, ஏ.சி.யின் குளிர்பெட்டியோ அங்கே இருந்தால், ஒரு கண அவசரம் பெரும் சேதத்தில் முடியும். அதற்கும் முன்னதாகப் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். பாசிட்டிவ்வை முதலில் கழற்றினால், சுழற்றும் ஸ்பேனர் தற்செயலாக உடம்புத் தகட்டைத் தொட்ட கணத்தில், அத்தியாயத்தின் தொடக்கத்தில் சொன்ன பொறி பறக்கும். நெகட்டிவ்வைக் கழற்றும் ஸ்பேனர் உடம்பைத் தொட்டாலோ, ஒரே அழுத்தமுள்ள இரண்டு இடங்கள் சந்திக்கின்றன, ஒன்றும் நேராது. அதைக் கழற்றிய பிறகு பாசிட்டிவ்வையும் பயமின்றித் தொடலாம். பூட்டும்போது வரிசை தலைகீழாக மாற வேண்டும்.

உள்ளே வந்த ஒயரைக் காரின் ஒரு பக்கமாகவும், ஒலிக் குறிப்பைச் சுமக்கும் ஆர்.சி.ஏ. ஒயரை மறுபக்கமாகவும் கொண்டுசெல்வது நல்ல வழக்கம். கனத்த பிரவாகத்தின் காந்தப் புலம் மெல்லிய குறிப்பைக் கலக்காதிருக்க அது உதவும். ஆம்ப்ளிஃபையரின் எர்த் ஒயரும் அதே பருமனில், பெயிண்டைச் சுரண்டிய வெறும் உலோகத்தில், இயன்றவரை குறுகியதாக இணைக்கப்பட வேண்டும். என்ஜினின் வேகத்தோடு சுருதி ஏறும் ஓர் ஊளைச் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டால், ஆல்டர்னேட்டரின் துடிப்பு பெரும்பாலும் இந்த எர்த் இணைப்பின் குறை வழியாகத்தான் நுழைந்திருக்கும்.

இந்தத் தொல்லைகளுக்கெல்லாம் மூலம் 12 வோல்ட் என்ற தாழ்ந்த அழுத்தமே. அதை நான்கு மடங்காக்கி 48 வோல்ட் ஆக்கினால், அதே சக்திக்கு நான்கில் ஒரு பங்கு பிரவாகம் போதும். அதே ஒயரில் உஷ்ண விரயம் பதினாறில் ஒரு பங்காகும். 2023-இல் விற்பனைக்கு வந்த டெஸ்லா சைபர்டிரக்கின் துணைச் சாதனங்களில் பெரும்பாலானவை 48 வோல்ட்டில் இயங்குகின்றன. ஆயினும் நம் தெருக்களில் ஓடும் கார்களில் மிகப் பெரும்பான்மையானவை இன்னும் பல்லாண்டுகள் 12 வோல்ட்டோடுதான் ஓடப்போகின்றன.

ஆகவே ஆம்ப்ளிஃபையர் பொருத்திய காரை வைத்திருக்கும் வாசகர்களை நான் கேட்டுக்கொள்வது இது. கடையில் பணம் கொடுக்குமுன் பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஃபியூஸ்வரை உள்ள தூரத்தைப் பாருங்கள். ஃபியூஸின் மேல் பொறித்த ஆம்பியரைப் படித்து, ஒயரின் பருமனைக் கேட்டு ஒப்பிடுங்கள். ஒயர் தகட்டுக்குள் நுழையும் இடத்தில் டார்ச் விளக்கை அடித்து, சுற்றிலும் ரப்பர் இருக்கிறதா என்று கவனியுங்கள். எஃகு விளிம்பு ஒயரைத் தொட்டுக்கொண்டிருந்தால், கிராமெட் போட்டு முடியும்வரை காரை அங்கிருந்து எடுக்காதீர்கள்.